ஜங்க் ஜர்னலில் அச்சுப் பதிக்க: தாளைப் பார்த்து மை, மையைப் பார்த்து அச்சு

வீட்டில் சேரும் காகிதங்களைக் கொண்டே கையால் தைத்துக் கட்டும் நோட்டுதான் ஜங்க் ஜர்னல். கல்யாணப் பத்திரிகை, பஸ் டிக்கெட், தினசரி காலண்டரில் கிழித்த தாள், மளிகைக் கடை பிரவுன் கவர், பிள்ளைகளின் பழைய நோட்டில் எழுதாமல் விட்ட பக்கங்கள், எப்போதோ வந்த இன்லேண்ட் லெட்டர் என எதுவும் அதில் பக்கமாகலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இந்தத் தாள்களை ஒரே நோட்டாகச் சேர்த்துக் காட்ட என்னிடம் இருக்கும் எளிய வழி அச்சு. முதல் பக்கத்துப் பத்திரிகையின் மூலையில் விழுந்த மாங்காய் வடிவம் பத்துப் பக்கம் தள்ளி ஒரு மருந்துச் சீட்டின் ஓரத்திலும் தலைகாட்டினால் போதும், அந்த இரண்டு தாளும் உறவாகிவிடும்.

ஸ்டாம்ப் என்றதும் தபால்தலை நினைவுக்கு வரும். இங்கே நான் சொல்வது மை தொட்டுத் தாளில் பதிக்கும் அச்சு: ரப்பர், பாலிமர், மரக்கட்டை, நாமே செதுக்கிய அழிரப்பர் எல்லாம் இதில் அடக்கம்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் அழகான அச்சு ஒன்றை வாங்குகிறார்கள், அப்புறம் அதற்கு மை தேடுகிறார்கள், கடைசியில்தான் எந்தத் தாளில் பதிப்பது என்று யோசிக்கிறார்கள். வழவழப்பான வெள்ளை அட்டையில் கார்டு செய்பவருக்கு இந்த வரிசை சரிப்படும். ஜங்க் ஜர்னலில் ஒவ்வொரு பக்கமும் வேறு தாள். ஒரு பக்கத்தில் கச்சிதமாக விழுந்த அச்சு அடுத்த பக்கத்தில் ஊறிப் பரவும், அதற்கடுத்த பக்கத்தில் காயாமல் விரலோடு வரும். அதனால் நான் தலைகீழாகப் போகிறேன். முதலில் தாள், பிறகு அதற்கேற்ற மை, கடைசியில்தான் அச்சு.

முதல் வேலை: தாள்களைப் பிரிப்பது

சேர்த்து வைத்த காகிதங்களைத் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் விரல் நுனியால் ஒரு பொட்டுத் தண்ணீர் வையுங்கள். உடனே உள்ளே இறங்கி தாள் கறுத்தால் அது நன்றாக உறிஞ்சும் தாள்: காலண்டர் தாள், செய்தித்தாள், பழைய மலிவு நோட்டு எல்லாம் இந்த வகை. சற்று நேரம் நின்று மெல்ல இறங்கினால் நடுத்தரம்: ஜெராக்ஸ் பேப்பர், பிரவுன் பேப்பர், கணக்கு லெட்ஜர் தாள். முத்துப்போல மேலேயே நின்றால் உறிஞ்சாத தாள்: பளபளப்பான பத்திரிகை, பத்திரிகைக்குள் வரும் டிரேசிங் பேப்பர், சாக்லேட் உறையின் ஜிகினா, பட்டுப்புடவைப் பெட்டியின் லேமினேட் செய்த அட்டை.

நாலாவதாக ஒரு வகை உண்டு, அதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். ஏடிஎம் சீட்டு, சூப்பர் மார்க்கெட் பில், கண்டக்டர் கையிலிருக்கும் மெஷினிலிருந்து வரும் பஸ் டிக்கெட் எல்லாம் தெர்மல் பேப்பர். அதில் மையே கிடையாது. தாளின் மேல்பூச்சு சூடு பட்டால் கறுக்கும், அதுதான் எழுத்து. நகத்தால் வேகமாக ஒரு கீறு கீறினால் கறுப்புக் கோடு விழும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். இந்த எழுத்து வெளிச்சத்திலும் சூட்டிலும் சில பசைகள் பட்டும் மங்கிக் காணாமல் போகும். நினைவுக்காக வைத்திருக்கும் டிக்கெட் என்றால் முதலில் அதை ஜெராக்ஸ் எடுங்கள். நகலை ஜர்னலில் ஒட்டி அதன்மேல் அச்சுப் பதியுங்கள், அசலை ஒரு கவருக்குள் போட்டு வையுங்கள். முந்தைய தலைமுறையின் மெல்லிய வண்ணத் தாள் டிக்கெட்டுக்கு இந்தக் கவலை இல்லை, அது சாதாரண அச்சுக் காகிதம்தான்.

டீ டிகாக்‌ஷனில் நனைத்துப் பழசாக்கிய தாள் வைத்திருக்கிறீர்களா? அது காய்ந்ததும் சுருங்கி மேடு பள்ளமாக நிற்கும். இஸ்திரி போட்டுச் சமப்படுத்திய பிறகே பதிக்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்தில் மை படாது.

மைகள்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். ஜர்னலில் கெட்டுப்போகும் பக்கங்களில் பெரும்பாலானவை மையால் கெடுபவை.

சாய மை, அதாவது டை இங்க், தாளின் இழைக்குள் இறங்கிச் சாயமாகப் பிடிக்கும். சீக்கிரம் காயும், கோடுகள் தெளிவாக விழும். தண்ணீர் பட்டால் பெரும்பாலும் கலையும், வெயிலில் மங்கும். கண்ணாடிபோல ஊடு தெரியும் நிறம் என்பதால் அடியில் இருக்கும் தாளின் நிறமும் அதோடு கலக்கும். பிரவுன் கவரில் மஞ்சள் சாய மையைப் பதித்தால் எங்கே பதித்தோம் என்று தேட வேண்டியிருக்கும். மெல்லிய காலண்டர் தாளில் மறுபக்கம் வரை ஊறிவிடும். நடுத்தர உறிஞ்சல் உள்ள வெளிர் தாள்களுக்குத்தான் இது பொருத்தம்.

நிறமி மை, அதாவது பிக்மென்ட் இங்க், நுண்ணிய தூளாகத் தாளின் மேலே உட்காரும். அடியில் இருப்பதை மூடும் என்பதால் பிரவுன், கறுப்பு, அடர் சிவப்பு அட்டைகளில் வெள்ளை அல்லது தங்க நிறம் வேண்டுமென்றால் இதுதான். காய நேரமெடுக்கும். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இரவு முழுக்க விட்டும் கை வைத்தால் ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வழவழ தாளில் சூடு காட்டாமல் இது காயவே காயாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உறிஞ்சாத தாள்களுக்குக் கரைப்பான் மை வேண்டும். ஸ்டேஸ்ஆன் இந்த வகையில் பரவலாகத் தெரிந்த பெயர். கரைப்பான் ஆவியாகப் போய் நிறம் மட்டும் பரப்பில் பிடித்துக்கொள்ளும். ஓஹெச்பி தாள் எனப்படும் ஊடு தெரியும் பிளாஸ்டிக் தாள், ஜிகினா, டிரேசிங் பேப்பர் எல்லாவற்றிலும் நிற்கும். வாசனை கடுமையானது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஜர்னல் செய்பவர்கள் அதிகம் பேசும் இன்னும் இரண்டு மைகள் உண்டு, இரண்டும் ரேஞ்சர் நிறுவனத்தினுடையவை. ஆர்க்கைவல் இங்க் காய்ந்தபின் தண்ணீருக்குக் கலையாது, அதன்மேல் வாட்டர்கலர் தீட்டலாம். கைவினைக் கலைஞர் டிம் ஹோல்ட்ஸ் பெயரில் வரும் டிஸ்ட்ரெஸ் இங்க் இதற்கு நேர் எதிர்: தண்ணீர் பட்டால் கலைந்து பரவ வேண்டும் என்பதற்காகவே செய்தது. தாளின் ஓரத்தில் பஞ்சால் தேய்த்துப் பழுப்பேற்ற அது அருமையானது. இரண்டின் வேலையும் வேறு என்பது தெரியாமல் டிஸ்ட்ரெஸில் அச்சுப் பதித்து அதன்மேல் தூரிகை வைத்தால் படம் கரைந்துவிடும்.

அப்புறம் ஆபீஸ் ஸ்டாம்ப் பேடு. ஸ்டேஷனரிக் கடைகளில் கிடைக்கும் அந்த ஊதா நிறத்துக்கு ஒரு பழைய அலுவலகக் களை உண்டு, லெட்ஜர் தாளில் வேறெந்த மையும் அப்படிப் பொருந்தாது. ஆனால் அதுவும் ஈரம் தாங்காது. என் முதல் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ஊதாவில் பதித்துவிட்டு, அதன்மேல் ஒரு போட்டோவை வெள்ளைப் பசையால் ஒட்டினேன். பசையின் ஈரத்தில் ஊதா கரைந்து போட்டோவின் வெள்ளை ஓரம் முழுக்க ஏறிவிட்டது. அந்தப் போட்டோவுக்கு வேறு பிரதி இல்லை. அன்றிலிருந்து ஒட்டும் வேலையை முடித்துக் காயவிட்ட பிறகுதான் ஆபீஸ் மையைத் தொடுகிறேன். மேலே ஏதாவது ஒட்டியே ஆக வேண்டுமென்றால் குச்சிப் பசை, அதாவது க்ளூ ஸ்டிக், அல்லது இருபக்க டேப்.

எல்லா மையையும் வாங்க வேண்டாம். தண்ணீருக்குக் கலையாத கறுப்பு ஒன்று, வெள்ளை நிறமி மை ஒன்று, ஆபீஸ் ஊதா ஒன்று. இந்த மூன்றோடு ஒரு வருஷம் வேலை செய்யலாம். பளபளத் தாள் உங்களிடம் அதிகம் என்றால் மட்டும் நான்காவதாகக் கரைப்பான் மை.

சோதனைத் தாள்

ஒவ்வொரு வகைத் தாளிலிருந்தும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, அட்டையில் வரிசையாக ஒட்டுங்கள். ஒவ்வொன்றிலும் உங்களிடம் இருக்கும் எல்லா மையாலும் ஒரு சின்ன அச்சைப் பதியுங்கள். ஒரு நிமிஷம் கழித்து விரலால் தேயுங்கள், பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் தேயுங்கள், மறுநாள் ஈர விரலால் தேயுங்கள். எது நின்றது, எது கலைந்தது, எது மறுபக்கம் தெரிகிறது என்று பக்கத்தில் பென்சிலால் குறித்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. நான் இதை ஜர்னலின் பின்னட்டையின் உள்பக்கமே ஒட்டிவிடுகிறேன். அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

எந்த அச்சு?

மரப்பிடியில் ஒட்டிய ரப்பர் அச்சு நுணுக்கமான கோடுகளுக்கு நம்பகமானது. கண்ணாடிபோல இருக்கும் பாலிமர் அச்சை அக்ரிலிக் கட்டையில் ஒட்டிப் பதிப்பார்கள். எந்த இடத்தில் விழப்போகிறது என்பது மேலிருந்தே தெரியும் என்பதால் ஏற்கெனவே எழுத்தும் படமும் உள்ள பக்கங்களுக்கு இது மிகவும் உதவும். புதிய பாலிமர் அச்சில் மை முத்து முத்தாகத் திரண்டு நின்றால், அதன் முகத்தை உங்கள் உள்ளங்கையில் நாலைந்து முறை தேய்த்துவிட்டு அழிரப்பரால் லேசாக உரசுங்கள். அப்புறம் மை சமமாகப் பிடிக்கும்.

துணிக்கு அச்சடிக்கும் மரக்கட்டைகளும் ஜர்னலுக்கு நன்றாக உழைக்கும். குஜராத்தின் பேதாப்பூர் இந்தக் கட்டைகளைச் செதுக்குவதில் பேர்போன ஊர், அச்சடிக்கும் வேலைக்கு ஜெய்ப்பூர் பக்கத்து சாங்கானேரும் பக்ருவும். பெரிய கட்டைகளில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். காற்று வெளியேறவும் கூடுதல் சாயம் வழியவும் போட்டவை, உடைசல் என்று அடைத்துவிடாதீர்கள். இந்தக் கட்டைகளை மைப் பேடில் அழுத்தினால் போதிய மை ஏறாது. அக்ரிலிக் பெயின்ட்டை ஸ்பாஞ்சில் மெல்லிசாகத் தடவி, அதைக் கட்டையின் முகத்தில் ஒற்ற வேண்டும். தாளுக்கு அடியில் நாலாக மடித்த போர்வை இருக்கட்டும். அடி மெத்தென்று இருந்தால்தான் மரம் தாளோடு சமமாகப் பொருந்தும்.

உங்கள் ஊரில் ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொடுக்கும் கடை நிச்சயம் இருக்கும். பாட்டி போடும் கோலத்தையோ அப்பாவின் கையெழுத்தில் உங்கள் பெயரையோ வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் தெளிவாக எழுதிக் கொண்டுபோனால் அதை அப்படியே ஸ்டாம்பாக்கிக் கொடுப்பார்கள். கடையில் விற்கும் எந்த ரோஜாப்பூ அச்சையும்விட எனக்கு இது பெரிது. அரசு முத்திரை, டாக்டர் சீல், தபால் நிலைய முத்திரை போன்ற எதையும் ஜர்னலுக்காக என்றாலும் நகலெடுக்க வேண்டாம். முத்திரைக் களை வேண்டுமென்றால் தேதி மாற்றும் ஸ்டாம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பக்கம் செய்த தேதி ஓரத்தில் விழுந்தால் பின்னாளில் அதுவே தகவலாகவும் இருக்கும்.

சமையலறையிலும் அச்சு உண்டு. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ. வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் அறை அறையாகப் பிறைநிலா வடிவம். வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றிச் சாறு போன பிறகு, பெயின்ட்டை ஸ்பாஞ்சால் தொட்டு வைத்துப் பதியுங்கள். மைப் பேடில் நேராக வைக்காதீர்கள், காய்ச்சாறு இறங்கினால் பேடு பூஞ்சை பிடிக்கும்.

அழிரப்பரில் செதுக்குவது

நான் மனதார விரும்பிச் செய்யும் வேலை இது. தூசி உதிராத வகை வெள்ளை அழிரப்பர், கடைகளில் கிடைப்பதில் பெரியதாகப் பார்த்து வாங்குங்கள். வாசனை போட்ட கலர் ரப்பர்கள் பொடிந்துபோகும்.

பட்டர் பேப்பரில் மென்மையான பென்சிலால், 4பி இருந்தால் நல்லது, வடிவத்தை நேராக வரையுங்கள். வரைந்த பக்கம் கீழே இருக்கும்படி அதை ரப்பரின் மேல் கவிழ்த்து நகத்தால் தேயுங்கள். பென்சில் கோடு ரப்பரில் இறங்கிவிடும், தலைமாறிய கண்ணாடி பிம்பமாக. செதுக்கிப் பதிக்கும்போது அது மறுபடி மாறி நேராக வரும். தமிழ் எழுத்துச் செதுக்குபவர்கள் இந்த ஒரு படியைத் தவிர்க்கவே கூடாது. கையால் நேரடியாகத் தலைகீழாக எழுதப்போனால் 'ழ'வின் கொக்கி எந்தப் பக்கம் என்று குழம்பிவிடும். 'ட', 'ப', 'ம' மூன்றையும் முதலில் செய்து பழகுங்கள், எல்லாம் நேர்கோடும் எளிய வளைவும்தான். 'இ'யும் 'ஞ'வும் கை படிந்த பிறகு.

செதுக்க வி வடிவ முனையுள்ள லினோ கட்டர் அல்லது கூர்மையான கட்டர் பிளேடு. பிளேடைக் கோட்டிலிருந்து வெளிப்பக்கம் சாய்த்து வெட்ட வேண்டும். கோடு அடியில் அகன்று மேலே குறுகி, மலைமாதிரி நிற்க வேண்டும். உட்பக்கம் சாய்ந்து வெட்டினால் கோட்டின் அடியே அறுந்து, நாலு முறை பதித்ததும் பிய்ந்துவிடும். வளைவு வரும்போது பிளேடு பிடித்த கையை அசைக்காமல் ரப்பரைத் திருப்புங்கள். பிளேடின் பாதையில் மறுகை விரல் ஒருபோதும் இருக்கக்கூடாது.

முதல் அச்சுக்கு ஒரு யோசனை: எதையும் செதுக்க வேண்டாம். பென்சிலின் பின்னால் இருக்கும் ரப்பரை மையில் தொட்டு வையுங்கள், கச்சிதமான வட்டப் புள்ளி. ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்து, மை காய்ந்ததும் பேனாவால் சிக்குக் கோலம் இழுத்தால் ஒரு முழுப் பக்கம் தயார்.

பதிக்கும் முறை

முடிந்தவரை தைப்பதற்கு முன்பே பதித்துவிடுங்கள். தாள்கள் தனித்தனியாக மேஜையில் சமமாகக் கிடக்கும்போது கிடைக்கும் அச்சு, கட்டிய நோட்டின் மேடு பள்ளத்தில் கிடைக்காது. கட்டியாகிவிட்டது என்றால் பக்கத்துக்கு அடியில் கெட்டி அட்டையை வைத்து, மறுபக்கத்து உயரத்துக்கு அதைச் சமமாக்குங்கள்.

அச்சை மேஜையில் முகம் மேலாக வைத்து, பேடை அதன்மேல் மெல்ல ஒற்றி ஒற்றி எடுங்கள். பேடின்மேல் அச்சை அமுக்கினால் கோடுகளுக்கு இடையிலும் மை இறங்கி, படம் அப்பிக்கொள்ளும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மை பட்ட இடம் பளபளக்கும், படாத இடம் மங்கலாகத் தெரியும். பிறகு நேராக இறக்கி, அசைக்காமல் உள்ளங்கையால் அழுத்தி, மூன்று எண்ணி, நேராகத் தூக்குங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் நிழல் விழும். பாலிமர் அச்சுக்குத் தாளின் அடியில் மவுஸ் பேடு வையுங்கள். அடியிலேயே ஸ்பாஞ்ச் ஒட்டி வரும் ரப்பர் அச்சுக்குக் கெட்டியான மேஜையே போதும்.

பக்கத்தில் எங்கே வைப்பது

பழைய தாளில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது: அச்சு எழுத்து, மடிப்பு, கறை, யாரோ கூட்டிப்பார்த்த கணக்கு. அதைப் பார்த்து ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். லெட்ஜர் தாளில் சிவப்புக் கோட்டுக்கு வெளியே இருக்கும் ஓரம், இன்லேண்ட் லெட்டரில் முகவரிக்குக் கீழே உள்ள வெற்றிடம், காலண்டர் தாளில் தேதி எண்ணுக்குப் பக்கம். கையெழுத்தின் மேல் நான் எதையும் பதிப்பதில்லை, அது மளிகை லிஸ்ட்டாக இருந்தாலும் சரி.

பின்னணி நிரப்ப மறுபதிப்பு நல்ல வழி. ஒருமுறை மை தொட்டு வேறு தாளில் பதித்துவிட்டு, மறுபடி மை தொடாமல் ஜர்னலில் பதியுங்கள். வெளிறிய சாயல் விழும், அதன்மேல் தாராளமாக எழுதலாம். அச்சைப் பக்கத்தின் விளிம்பில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் பதித்தால் படம் பக்கத்துக்கு வெளியிலிருந்து உள்ளே வருவதுபோல இருக்கும். நட்டநடுவில் முழுதாக வைத்ததைவிட எனக்கு இது எப்போதும் பிடிக்கும்.

ஒன்றன் பின்னால் ஒன்று இருப்பதாகக் காட்ட வேண்டுமா? முன்னால் நிற்க வேண்டியதை முதலில் பதியுங்கள். அதையே ஸ்டிக்கி நோட்டின் பசையுள்ள ஓரத்திலும் பதித்து, கோட்டுக்குச் சற்று உள்ளாகவே கத்தரித்து, முதல் படத்தின்மேல் ஒட்டி மூடுங்கள். இப்போது பின்னால் வர வேண்டியதை மேலேயே பதித்துவிட்டு, மூடியை எடுங்கள். யானைக்குப் பின்னால் தென்னை மரம் தானாக மறைந்து நிற்கும்.

தூள் உருக்கி மேடாக்குவது

எம்பாசிங் எனப்படும் இந்த வேலை பளபளப் பத்திரிகைகளைக் காப்பாற்றும். முதலில் தாளின்மேல் முகப்பவுடரைப் பஞ்சால் மிக லேசாகத் தடவிவிடுங்கள், இல்லாவிட்டால் தூள் வேண்டாத இடமெல்லாம் ஒட்டும். நிறமி மையிலோ வெர்சாமார்க் போன்ற நிறமற்ற ஒட்டும் மையிலோ பதித்து, ஈரம் போவதற்குள் எம்பாசிங் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டி டப்பாவில் திருப்பிக் கொட்டுங்கள். ஹீட் கன்னால் சூடு காட்டினால் தூள் உருகி மினுமினுவென்று மேடாகும். ஹேர் டிரையர் வேலைக்காகாது, சூடு போதாது, காற்று தூளை ஊதிவிடும். ஹீட் கன் இல்லையென்றால் சூடான இஸ்திரிப் பெட்டியைத் தாளின் பின்பக்கம் மட்டும் காட்டலாம்.

தெர்மல் தாளை இதன் பக்கமே கொண்டுவராதீர்கள். அம்மாவோடு திருவண்ணாமலை போய்வந்த பஸ் டிக்கெட்டில் தங்கத்தில் ஒரு தீபம் பதித்துச் சூடு காட்டினேன். இரண்டு நொடியில் டிக்கெட் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. தேதியும் ஊர்ப்பெயரும் அதற்குள் போய்விட்டன.

துணிப் பக்கம்

மஞ்சப்பையின் துண்டு, பழைய வேட்டிக் கரை போன்றவற்றை இடையில் தைப்பதாக இருந்தால் முதலில் கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். துணிக்கான மை அல்லது ஃபேப்ரிக் பெயின்ட்டில் பதித்து, ஒருநாள் காயவிட்டு, மேலே மெல்லிய துணி போட்டு மறுபடி இஸ்திரி போட்டால் நிறம் பிடித்துக்கொள்ளும்.

அச்சுகளைப் பார்த்துக்கொள்வது

பதித்த கையோடு ஈரத்துணியால் துடையுங்கள். மரப்பிடி அச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் ஒட்டு விட்டுவிடும். கரைப்பான் மையை பாலிமர் அச்சிலும் அழிரப்பரிலும் நான் பயன்படுத்துவதில்லை. கறை நிற்கும், மையும் அதைக் கழுவும் திரவமும் அச்சை மெல்ல அரிக்கும். அந்த மைக்கு ரப்பர் அச்சுகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். பாலிமர் அச்சுகள் வெயில் பட்டால் மஞ்சளாகி இறுகும், பழைய சிடி பெட்டிக்குள் ஒட்டி இருட்டில் வைத்தால் பல வருஷம் உழைக்கும்.

செதுக்கிய அழிரப்பரை மட்டும் பிளாஸ்டிக் டப்பாவில் போடாதீர்கள். அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் கசிந்து பிளாஸ்டிக்கை இளக்கும், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் ஒரு காலண்டர் தாளில் தனித்தனியாகச் சுற்றி, சுற்றிய தாளின்மேல் அதே அச்சை ஒருமுறை பதித்து, அட்டைப்பெட்டியில் அடுக்கிவிடுங்கள். உள்ளே எது இருக்கிறது என்று பிரிக்காமலே தெரியும்.